லேசான இரைச்சல்

நாலாவது திருகையும் இறுக்கிவிட்டார்.

மூடி சரியாக உட்கார்ந்தது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை.

அதுதான் தொந்தரவு.

ஆம்ப்ளிஃபையர் வேலை முடிந்ததும் பெங்களூர் வந்துவிடுகிறேன் என்று மகனிடம் வாய் தவறிச் சொல்லியிருந்தார். அவனும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். தினமும் பத்து மணிக்குப் போன். அம்மா போய் நாலு மாதம் ஆயிற்று, தனியாக எதற்குக் கிடக்க வேண்டும், வீட்டுக்கு வாடகை ஆள்கூடப் பார்த்தாயிற்று. பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் அந்தப் பெட்டியில் வந்து நிற்கும். எப்பங்கப்பா முடியும்?

தெருவுக்கும் அதே கேள்விதான். பெண்டாட்டி செத்ததற்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுசன், காயலான் கடைப் பெட்டியைப் பஞ்சு வைத்து ஒற்றி ஒற்றித் துடைத்துக்கொண்டிருந்தால் தெரு என்னதான் செய்யும்? கல்நெஞ்சு என்றது ஒரு வீடு. கழன்றுவிட்டது என்றது இன்னொரு வீடு. பெட்டிக்குள் நகை இருக்கிறது என்றும் ஒரு கட்சி உண்டு.

இருந்தது தூசிதான்.

பதினோரு வருடத் தூசி. அதற்கு முன்னால் யார் யார் வீட்டுத் தூசியோ. பழைய சாமான் கடையில் வாங்கும்போதே அதற்கு வயது முப்பதுக்கு மேல். முகப்பில் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு அப்போதே அவிந்திருந்தது. அந்த அளவில் பல்பு இன்றுவரை கிடைக்கவில்லை.

மற்றதெல்லாம் ஆயிற்று. வீங்கிப்போன கண்டென்சர்களை மாற்றினார். கரகரத்த வால்யூம் குமிழைக் கழற்றி ஸ்பிரிட்டில் கழுவினார். விரல் போகாத இடுக்குகளைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தார்.

பிரஷ் ஊதா நிறம்.

குளியலறையில் மிச்சம் இருப்பது பச்சை.

இவ்வளவும் ஓர் இரைச்சலுக்காக. பாட்டு ஏதும் போடாதபோதும் ஸ்பீக்கர் ‘ம்ம்ம்’ என்று இரையுமாம். இரையுமாம்தான். முப்பத்திரண்டு வருடம் மில் சத்தத்தில் வெந்த காதில் இந்த மாதிரிச் சன்னச் சத்தமெல்லாம் ஏறாது. அவருக்குக் காது, மனைவிதான். ஹாலில் குமிழை முழுக்கத் திருப்பிவிட்டு “இப்ப?” என்பார். சமையலறையிலிருந்து “இரையுதுங்க” என்று வரும். மறுபடியும் திருகுகளைக் கழற்றுவார். பதினோரு வருட ஞாயிற்றுக்கிழமைகள் அப்படியே போயின.

சில நாள், அவர் ஸ்விட்சைப் போடும் முன்பே பதில் வந்துவிடும்.

இன்றும் ஸ்விட்சைத் தட்டினார். குமிழைக் கடைசிவரை திருப்பினார்.

“இப்ப?”

வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது.

சமையலறைக் கதவைப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய், பக்கத்து வீட்டுப் பூவாத்தாளைக் கூப்பிட்டார்.

கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை. முழங்கைவரை மாவோடு அவள் காம்பவுண்டு ஓரம்தான் நின்றிருந்தாள். யார் வீட்டில் என்ன குழம்பு, யார் மருமகள் எந்தப் பஸ்ஸில் வந்து இறங்கினாள், என்றைக்குத் தண்ணீர் வரும், என்றைக்குக் கரண்ட் நிற்கும், எல்லாம் அவள் சொல்லித்தான் தெருவுக்குத் தெரியும். நகைக் கட்சிக்குத் தலைவியும் அவளேதான்.

விஷயத்தைச் சொன்னார். இரைச்சல் இருந்தால் வேலை பாக்கி. இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பெங்களூர்.

உள்ளே வந்ததும் அவள் கண் ஒரு சுற்றில் வீட்டைப் பெருக்கி எடுத்தது. மாலை காய்ந்த படம். சுவரோரம் பாதி அடுக்கிய பெட்டி. அதற்குள் நாலு சட்டை, ஒரு ஊதாப் பிரஷ்.

பிறகு ஆம்ப்ளிஃபையர் மூடியில் கையை ஊன்றி, ஸ்பீக்கர் பக்கம் காதைச் சாய்த்தாள்.

பூவாத்தாள் அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருந்ததைத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

“லேசா இரையுதுங்கண்ணா.”

நிஜமாகவா என்று கேட்டார்.

“காது இருக்கறவ சொல்றனுங்க. மறுக்கா அவுத்துப் பாருங்க.”

வேறு ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாள். அதுவும் புதிதுதான்.

அவருக்கு வியர்த்திருந்தது. துடைக்கும்போது தூசி பறக்கும் என்று காலையிலிருந்தே ஃபேன் போடவில்லை. இப்போது போட்டார்.

சுற்றவில்லை.

ட்யூப் லைட்டைப் போட்டார். எரியவில்லை.

டீப்பாய் மேல் அன்றைய பேப்பர் கிடந்தது. மாதாந்திரப் பராமரிப்பு. காலை ஒன்பது மணி முதல் மதியம் இரண்டு மணிவரை மின்சாரம் இருக்காது.

மணி ஒன்பதே முக்கால்.

ஆம்ப்ளிஃபையர் மூடியில் அவளுடைய ஐந்து விரலும் மாவாகப் பதிந்திருந்தன. துடைக்கப் போனார். விரலில் நறநறவென்றது. பாதி அரைபட்ட அரிசி.

கிரைண்டர் நடுவில் நின்றுபோன மாவு.

சமையலறைக் கதவை இன்னொரு முறை பார்த்தார்.

பத்து மணிக்குப் போன் அடித்தது. காதுக்கும் தோளுக்கும் நடுவில் அதை இடுக்கிக்கொண்டு, முதல் திருகைக் கழற்ற ஆரம்பித்தார்.

“இன்னும் இரையுதாமாப்பா,” என்றார்.