ஜாடித் தண்ணீர்

மூச்சை அடக்கிக்கொண்டு யுன்சியூ ஜாடியைக் கழிவறையில் கவிழ்த்தாள்.

முதலில் கறுப்பாகத் தண்ணீர் வந்தது. பிறகு கொழகொழவென்று சோயாப் பிண்ணாக்கு. கடைசியாக, உருத் தெரியாமல் அழுகிப்போன மீன் குடல் ஜாடியின் வாயில் ஒரு நொடி தொங்கி நின்று, பொத்தென்று விழுந்தது.

அவள் வாய் கொப்பளிக்க ஓடினாள்.

எல்லாம் அந்த மரத்துக்காக. கூடத்தில் தெற்கு ஜன்னலோரம், பெரிய பீங்கான் தொட்டியில் நிற்கும் வெண்செண்பகம். சூச்சோ நகரத்தின் குளிர் அதற்கு ஆகாது. பனி விழுமுன் உள்ளே வந்துவிடும். வெயில் காலம் வரும்வரை வீட்டில் இன்னொரு ஆள் மாதிரி நின்றுகொண்டிருக்கும்.

முன்பெல்லாம் கணவன் தோங்லின் எப்போதாவதுதான் ஜாடியைத் திறப்பான். ஜன்னலையும் திறந்துவைத்து, அவளைக் கடைக்கு அனுப்பிவிட்டு, ஒரு கரண்டி எடுத்துத் தண்ணீரில் கரைத்து மரத்துக்கு உரமாக ஊற்றுவான்.

புத்தாண்டுச் சமயத்தில் வந்த காய்ச்சலில் பத்து நாள் படுத்து எழுந்தவனுக்கு என்ன கிறுக்குப் பிடித்ததோ, தினமும் காலையில் ஜாடியைச் சாப்பாட்டு மேஜைக்கே தூக்கி வந்தான். அவள் கஞ்சி குடிக்கும் நேரம் பார்த்து மூடியைத் திறப்பான். குனிந்து, ஆழமாக மூச்சிழுப்பான். அப்புறம் அவளையே பார்ப்பான்.

வாயில் இருக்கும் கஞ்சி தொண்டையில் இறங்காது.

நாற்றம் திரைச்சீலையில் ஏறியது. வெந்த சோற்றில் ஏறியது. தலைக்குக் குளித்துத் துவட்டினால் துண்டிலும் அதே நாற்றம்தான்.

மாடி வீட்டு லூ அக்கா படிக்கட்டில் நிறுத்தியே கேட்டுவிட்டாள். "ஏன்டி, உள்ள எலி கிலி செத்துக் கிடக்கா? இல்ல உன் வீட்டுக்காரர் காலுறையை ஊறுகாய் போடறாரா?"

இத்தனைக்கும் மூக்கை வைத்துப் பிழைப்பவன் அவன். தேயிலைக்குப் பூமணம் ஏற்றும் ஆலையில், வரிசையாக வைத்த கிண்ணங்களின் மூடியை ஒவ்வொன்றாகத் தூக்கி, ஒரே மூச்சில் தரம் சொல்பவன். வரும் திங்கட்கிழமை இந்த வருடத்தின் புதுத் தேயிலைக்குத் தரம் பார்க்கப் போகிறான். அந்த மூக்கு இந்த அசிங்கத்தை எப்படிச் சகிக்கிறது?

ஜாடியை மூன்று முறை சோப்புப் போட்டுத் தேய்த்தாள். பார்த்ததும் சந்தேகம் வரக்கூடாது என்று, அவன் ஆலையின் செண்பகத் தேயிலையையே கெட்டியாகக் கொதிக்கவைத்து ஊற்றி மூடினாள்.

திறந்த நொடியே குதிப்பான். குதிக்கட்டும். ஜாடியா, நானா என்று கேட்டுவிட வேண்டியதுதான்.

மறுநாள் காலை. கஞ்சி, உப்பில் ஊறிய முள்ளங்கி. வழக்கம்போல ஜாடியும் வந்தது.

மூடி திறந்ததும் செண்பக வாசம் மேஜையெங்கும் பரவியது.

அவன் குனிந்தான். ஆழமாக மூச்சிழுத்தான். நிறுத்தி, இன்னொரு முறை இழுத்தான்.

சண்டைக்குத் தயாராக அவள் நிமிர்ந்தாள்.

அவன் பார்வை ஜாடியில் இல்லை. அவள் முகத்தில் இருந்தது. தினமும் பார்ப்பது போலவே, அங்கே எதையோ தேடிக்கொண்டிருந்தது. இன்று அது கிடைக்காமல், மூடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"இன்னிக்கு… நாத்தம் கொஞ்சம் கம்மியோ?" என்றான்.

அவள் கையிலிருந்த கரண்டி கஞ்சிக்குள் நழுவியது.

திங்கட்கிழமை அவன் தரம் பார்க்கப் போக இன்னும் இரண்டே நாள்.

யுன்சியூ சட்டென்று மூக்கைப் பொத்திக்கொண்டாள். முகத்தை எவ்வளவு சுளிக்க முடியுமோ அவ்வளவு சுளித்தாள்.

"கம்மியா? குடலைப் புரட்டுதுங்க! மூடித் தொலைங்க முதல்ல!"

அவன் முகம் தெளிந்தது. "ஆமா, ஆமா. எனக்கும்தான் தாங்கல," என்று சிரித்தபடி மூடியை அழுத்தினான்.

அவன் ஜாடியோடு ஜன்னல் பக்கம் போன பிறகும் அவள் மூக்கிலிருந்து கையை எடுக்கவில்லை. விரலிடுக்கு வழியாகச் செண்பகம் மணத்துக்கொண்டே இருந்தது.