சுடுதண்ணிப் பிறக்கிராசியார்

"நான் வந்து கனநேரமாச்சு, அம்மா. வெளிக்கிடப் போறன். வீட்டிலை தேடுவினம்" என்று சாய்மனைக் கதிரையை விட்டு எழும்பப் பார்த்தார் பெரியவர்.

"தேத்தண்ணி ஊத்தியிருக்கிறன். குடிச்சிட்டுப் போகலாம்" என்றாள் கனகாம்பிகை. தேத்தண்ணி என்றதும் அவர் திரும்ப இருந்தார்.

பருத்தித்துறை வாசிகசாலையில் அன்று பின்னேரம் பிறக்கிராசியாரின் படத்தைத் திறக்கிறார்கள். ஏழை எளியதுகளுக்காக அந்த ஊர்க் கோட்டில் வழக்குப் பேசிய மனிதர். முதலாம் உலகச் சண்டைக்குப் பஸ்ரா வரை போய் வந்தவர். அந்தக் கூட்டத்துக்குப் பெரியவரை எப்படியாவது கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்பதுதான் கனகாம்பிகையின் ஆசை. காலையிலிருந்து கெஞ்சுகிறாள். அவர் மசிகிற வழியாக இல்லை.

"முன்வரிசையிலை உங்களுக்குக் கதிரை போட்டிருக்கினம்."

"எனக்கேன் கதிரை? முன்பின் தெரியாத மனிசன்ரை படத்துக்கு முன்னாலை நான் போய்க் குந்திக்கொண்டு என்ன செய்யிறது?"

"தெரியாட்டில் நான் சொல்லுறன், கேளுங்கோ. ஒருக்கா இந்தக் கரை முழுக்க வாந்திபேதி. தண்ணியைக் கொதிக்க வைச்சுக் குடியுங்கோ எண்டு சொல்லிப் பாத்தார். சண்டைக்குப் போன இடத்திலை படிச்ச பாடம். சனம் கேட்டால்தானே? பேந்து கறுப்புக் கோட்டோடை வீடு வீடாய்ப் போய்த் தானே அடுப்பை மூட்டினார். தண்ணி கொதிக்குமட்டும் பக்கத்திலை குந்தியிருந்து, ஆற வைச்சு, முதல் மிடறைத் தான் குடிச்சுக் காட்டிப்போட்டுத்தான் எழும்புவார். 'சுடுதண்ணிப் பிறக்கிராசி' எண்டு பட்டம் வைச்சிட்டினம்."

பெரியவர் சிரித்தார். "வழக்கை விட்டுப்போட்டு அடுப்பு ஊதித் திரிஞ்சவரோ?"

"வழக்கையும் விடேல்லை. எங்களுக்கு மீன் கொண்டு வாற சந்தியோகுவின்ரை ஆக்கள் வலை இழுக்கிற கரையைப் பெரிய இடத்து ஆக்கள் பறிக்கப் பாத்தினம். கோட்டிலை பேசி எடுபடேல்லை. நீதவானையே கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய், விடியக்காலமை அந்தச் சனம் வலை இழுக்கிறதைக் கண்ணாலை பாக்க வைச்சு வழக்கை வெண்டார்."

"கெட்டிக்காரர், விண்ணன்தான். பேர் என்ன?"

கனகாம்பிகை சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள். கட்டின புருசன் பெயரை உச்சரிக்கிற வழக்கம் அந்தப் பக்கத்துப் பெண்களுக்குக் கிடையாது. அதே பெயருடைய கடைக்காரரைக்கூட அவள் 'கடைக்காரர்' என்றுதான் சொல்லுவாள்.

பெரியவர் லேசுப்பட்டவர் இல்லை, பிடித்துக்கொண்டார். "ஓகோ, பேர் சொல்லக் கூசிறியள். அப்ப அவர் உங்கடை மனிசன்."

"ஓம்."

"எனக்குத் தெரியாமல் போச்சு, குறை நினையாதேங்கோ. எப்ப நடந்தது?"

"ஒரே நாளிலை நடக்கேல்லை. போன மாரிக்குத் துவங்கினது. கொஞ்சம் கொஞ்சமாய்க் கரைஞ்சு போனார். ஒருநாள் பாத்தால் ஆள் இல்லை."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "பாவம். உங்களை நல்லா வைச்சிருந்தவரோ?"

"ஊருக்குத்தான் நல்லவர்" என்றாள் அவள். "அவர் ஊரெல்லாம் அடுப்பு மூட்டிப்போட்டு வரேக்கை வீட்டிலை சோறு ஆறிப் போயிருக்கும். நான் மூஞ்சையை நீட்டிக்கொண்டு நிப்பன். அவர் திண்டுபோட்டு, ஆறின சோத்துக்குத்தான் ருசி எண்டு சொல்லுவார். எனக்குப் பத்திக்கொண்டு வரும். இப்ப, ஒருக்கா வந்து அதைச் சொல்லமாட்டாரோ எண்டு கிடக்கு. சண்டை பிடிக்கவும் ஆளில்லாமல் இருக்கிறன்."

பெரியவர் முற்றத்தைப் பார்த்தார். வாசலில் வண்டில் வந்து நின்றது. "அம்மா, எல்லாரும் காத்துக்கொண்டு நிக்கினம்" என்று படலைக்கு வெளியே நின்று சந்தியோகு குரல் கொடுத்தான்.

கனகாம்பிகைக்கு வேறு வழி தெரியவில்லை. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து நாக்கில் ஏறாத பெயரை, அவர் முகத்தை நேரே பார்த்து, வாய்விட்டுச் சொன்னாள்.

"சோமசேகரம்."

பெரியவர் அந்தப் பெயரைத் தானும் ஒருதரம் சொல்லிப் பார்த்தார். "நல்ல பேர். எங்கையோ கேட்ட மாதிரியும் கிடக்கு."

"எங்கை கேட்டனியள்? யோசிச்சுப் பாருங்கோ."

"தெரியேல்லை, அம்மா." அவள் கண் நிறைந்ததைக் கண்டு அவருக்கு மனம் இளகியது. "அழாதேங்கோ. உங்கடை மனிசனுக்காக நான் வாறன். அப்பிடிப்பட்ட ஒருத்தரைக் கும்பிடாமல் போனால் பாவம்."

தோளில் சால்வையைச் சரியாகப் போட்டுவிட்டு அவரை வண்டிலில் ஏற்றினாள். வழி நெடுக அவர் சுடுதண்ணிக் கதையை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்தார். அவள் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வாசிகசாலை கொள்ளாத சனம். இருவரும் வாசற்படியில் கால் வைத்ததும் உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது:

"பிறக்கிராசியார் வந்திட்டார், எல்லாரும் எழும்புங்கோ."

சபை முழுவதும் எழுந்து நின்றது. பெரியவர் அவசரமாக வழிவிட்டு ஒதுங்கினார். "பாத்தியளே அம்மா, உங்கடை மனிசன் வந்திட்டாராம்" என்று அவளிடம் சொல்லிவிட்டு, கைகளைக் கூப்பிக்கொண்டு பின்னால் திரும்பிப் பார்த்தார்.