நாலு மணிக்குப் போகும் சத்தம்

“படம் வருது, சத்தம் வரலை. இதைச் சரி பண்ண இன்னும் எத்தனை தடவை வருவீங்க?”

ஆஸ்பத்திரி மேனேஜர் புகார்ச் சீட்டை மேஜைமேல் தள்ளினார். இரண்டு வாரத்தில் இது ஆறாவது சீட்டு.

ஆஸ்பத்திரியின் கேபிள், மைக் வேலைகளைப் பார்க்கும் வயர்க்காரர் சீட்டைக் கையில் எடுத்தார். இதுவரை விளக்கம் சொன்னதில் வாய் வலித்ததுதான் மிச்சம்.

“புகார் கொடுத்த அம்மா இன்னிக்கு ‘சத்தம் கேக்குது’ன்னு இதுல கையெழுத்துப் போடணும். போடலைன்னா நாளையிலேருந்து இங்க வேற ஆள்தான்.”

வயர்க்காரருக்கு அங்கே இங்கே என்று துண்டு வேலைகள் வரும், போகும். நிலையாக இருந்தது இந்த ஆஸ்பத்திரி ஒன்றுதான்.

விஷயம் என்னவோ சின்னதுதான். தொற்று நோயாளியின் தனியறைக்குள் சொந்தக்காரர்களை விடமாட்டார்கள். அதனால் உள்ளே ஒரு கேமரா, ஒரு மைக். வெளியே நர்ஸ் உட்காரும் மேஜையில் அனுப்புகிற டப்பா. அங்கிருந்து நாற்பது மீட்டர் நெட்வொர்க் கேபிள். மறுகோடியில், உறவினர் அறையில், வாங்குகிற டப்பாவும் டிவியும். தினமும் நாலிலிருந்து ஐந்து மணி வரை நோயாளியைப் பார்க்கலாம், அவர் பேசுவதைக் கேட்கலாம். அந்தக் கேட்பதில்தான் கோளாறு.

அவர் செய்யாத வைத்தியம் இல்லை. முனைகளை வெட்டி, எட்டு இழையையும் நிறம் பார்த்து அடுக்கி, புதிதாக அடித்தார். கேபிளையே மாற்றினார். டப்பாக்களையும் மாற்றினார். காலையில் வந்து பார்த்தால் உள்ளே ஃபேன் சுற்றுவதுகூட டிவியில் கேட்கும். சாயங்காலம் நாலு அடித்தால் ஊமையாகிவிடும். பல் டாக்டர் வாசலை மிதித்ததும் பல்வலி நிற்குமே, அந்தக் கதைதான்.

அதனால் இன்று நாலு மணிக்கே வந்து நின்றார்.

உறவினர் அறையில் அந்த அம்மா மடியில் பையை வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் அவருடைய கணவர். ஆக்சிஜன் மாஸ்க்குக்குள் வாய் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது.

“பதினாலு நாளாச்சு தம்பி. என்ன பேசுறார்னே தெரியலை. அவர் குரல்ல ஒரு வார்த்தை கேட்டுட்டா எனக்குப் போதும்.”

“சிஸ்டர் வந்து சொல்றதில்லையாம்மா?”

“சொல்லுது. தங்கமான பொண்ணு. ‘நீங்க சாப்பிட்டீங்களா, தூங்குனீங்களான்னு விசாரிக்கிறார்’னு தினமும் வந்து சொல்லுது.” அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “எப்படியாவது சரி பண்ணிக் கொடுங்க தம்பி.”

வயர்க்காரர் கேபிளைப் பிடித்துக்கொண்டே நர்ஸ் மேஜை வரை நடந்தார். அங்கே மைக் வயர் டப்பாவிலிருந்து கழன்று கிடந்தது. தானாகக் கழன்று விழவில்லை. அழகாகச் சுருட்டி, பிளாஸ்திரி ஒட்டி வைக்கப்பட்டிருந்தது.

“சிஸ்டர், இது உங்க வேலையா?”

நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

“நீங்க பிடுங்கி வைப்பீங்க, நான் திருடன் மாதிரி முழிச்சுக்கிட்டு நிக்கணுமா? என் பொழப்பு போகப்போகுது. அதை விடுங்க. அந்த அம்மா வயித்தெரிச்சல் உங்களைச் சும்மா விடுமா?”

“கத்தாதீங்க அண்ணே.” இரண்டு ஷிஃப்ட் தொடர்ந்து பார்த்த குரல். “முதல்ல காதுல வெச்சுக் கேளுங்க. அப்புறம் என்னைத் திட்டுங்க.”

வயர்க்காரர் மைக் வயரைத் தன் சோதனைக் கருவியில் செருகி, அதன் ஹெட்போனைக் காதில் மாட்டினார்.

‘மூதேவி! எங்கடி போய்த் தொலைஞ்சே? தண்டத்துக்கு ஒரு பொண்டாட்டி! என் கண்ணாடியை எங்கடி ஒளிச்சு வெச்சே?’ ஒரு இருமல். பிறகு மறுபடி முதலிலிருந்து.

“காய்ச்சல்ல பெனாத்துறாரா?”

“யாருக்குத் தெரியும்? அந்த அம்மா ரெண்டு பஸ் மாறி வர்றாங்க. இதைக் கேக்கவா வரணும்?”

வயர்க்காரர் ஹெட்போனைக் கழற்றினார். பிறகு வயரைப் பழையபடி சுருட்டி, பிளாஸ்திரியை அவரே ஒட்டினார். பொழப்பு போனால் போகட்டும் என்று உறவினர் அறைக்குத் திரும்பி நடந்தார். மனசு கேட்காமல் நர்ஸும் பின்னாலேயே வந்தாள்.

“டப்பா கெட்டுப்போச்சும்மா. என்னால முடியலை. ஆனா நான் காதுல வெச்சுக் கேட்டேன்.”

“என்ன சொன்னார்?”

“நீங்க சாப்பிட்டீங்களான்னு கேக்குறார்.”

மடியிலிருந்த பை நழுவிக் கீழே விழுந்தது.

“நீங்களுமா அதையே சொல்றீங்க? அப்ப நெஜந்தானா?” அந்த அம்மா உடைந்து அழுதார். “முப்பத்தெட்டு வருஷத்துல அந்த மனுஷன் ஒரு நாள் என்னைச் சாப்பிட்டியான்னு கேட்டதில்லை. வாயைத் திறந்தா வசவுதான். அவரே இப்படிக் கனிவாப் பேசுறார்னா, போற நேரம் வந்துடுச்சுன்னுதானே அர்த்தம்? அந்தப் பொண்ணு சொன்ன நாள்லேருந்து எனக்கு ஒரு வாய் சோறு இறங்கலை தம்பி!”

நர்ஸ் தன் மேஜைக்குத் திரும்பி ஓடினாள்.

மறு நிமிடம் டிவி அலறியது. “மூதேவி! எங்கடி போய்த் தொலைஞ்சே?”

அந்த அம்மாவின் அழுகை சட்டென்று நின்றது. வசவு முழுவதையும் கண்ணாடி வரைக்கும் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, புகார்ச் சீட்டை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு கீழே கிடந்த பையை எடுத்து, அதிலிருந்து டிபன் டப்பாவைத் திறந்தார்.

“சத்தத்தைக் குறைச்சுடாதீங்க தம்பி. நான் சாப்பிட்டுக்கிறேன்.”