சாயத்தொட்டிக்கு ஒரு கட்டம்

போடியில் உக்கிரபாண்டியின் ஏலக்காய் மண்டிக்கு சாஃப்ட்வேர் செய்துகொடுக்க வந்தவன் யோகராஜ். நிரல் எழுதுமுன், மண்டியிலிருந்த ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கட்டம் போட்டு, அது என்ன வேலை செய்கிறது, எதனோடு சேர்கிறது என்று கோடிழுத்துப் படம் வரைந்திருந்தான். மூட்டை, சல்லடை, ஜீப்பு ஆகியவற்றுக்கு நடுவே 'சாயத்தொட்டி' என்றும் ஒரு கட்டம் இருந்தது. வெளுத்துப்போன பழைய காயைப் பச்சையாக்கும் தொட்டி அது.

படத்தைப் பார்த்ததும் உக்கிரபாண்டி குடோன் கதவைச் சாத்தச் சொன்னார்.

"தொட்டியப் பத்தி எவன்டா ஒனக்குச் சொன்னது?"

"எல்லார்கிட்டயும் அவங்கவங்க சோலியக் கேட்டுத்தான் வரைஞ்சேன்ணே."

"பேரச் சொல்லு. அவன வெட்டிப் போடிமெட்டுப் பள்ளத்துல வீசுறேன். ஏய் பாண்டித்துரை, இவன் வாயத் தெறக்க வையி!"

குடோன் மேஸ்திரி பாண்டித்துரை உருட்டுக்கட்டையை எடுத்தான். முதல் அடியிலேயே யோகராஜின் தோள்பட்டை இறங்கிவிட்டது. அடுத்த அடி முழங்காலில். மூன்றாவது அடியில் மூக்கு உடைந்து சட்டையெல்லாம் ரத்தம்.

"பேரச் சொல்றா!"

சொல்லிவிடலாம் என்று நாக்கு துடித்தது. சொன்னால் ஓர் உயிர் போய்விடும். யோகராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

"செத்தாலும் சொல்ல மாட்டான் போல. வெளிய தூக்கிப் போடு." காறித் துப்பிவிட்டுப் போனார் உக்கிரபாண்டி.

பாண்டித்துரை அவனைத் தூக்கி வந்து ஆட்டோவில் கிடத்தினான். தோளில் கிடந்த துண்டால் யோகராஜின் முகத்து ரத்தத்தைத் துடைத்தான்.

"இம்புட்டு அடி அடிச்சேனே தம்பி... அப்பவும் எம்பேர ஏன் சொல்லாமக் கெடந்தீக?"