சாவிக்கொத்து

"அவர்கிட்ட கேட்டுப் பிரயோஜனம் இல்லீங்க. என்கிட்ட கேளுங்க" என்றாள் மெக்கானிக்கின் மனைவி.

சொன்னதோடு விடவில்லை. முக்காலியை இழுத்துப்போட்டு, புருஷன் முகத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

'கண்ஜாடை காட்டத் தோதான இடம்தான்' என்று மனசுக்குள் குறித்துக்கொண்டார் இன்சூரன்ஸ் ஆபீசர். இருபத்திரண்டு வருஷமாக விபத்து கேஸ் விசாரிக்கிற மனுஷர். அவரிடமா?

பட்டறைக்குப் பின்னால் ஒரே ஒரு அறை. அதிலேயே அடுப்பு, அதிலேயே கட்டில். மெக்கானிக் ஸ்டூலில் உட்கார்ந்து, என்றைக்கோ துடைத்து முடித்த ஒரு கார்புரேட்டரை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். கண் மட்டும் மனைவி முகத்தை விட்டு நகரவில்லை.

"லாரி எப்படி இடிச்சது?"

"ரிப்பேர் பண்ணின வண்டியை ஓட்டிப் பாக்கப் போனாருங்க. பின்னால வந்த லாரி தூக்கி அடிச்சிருச்சு. தலை போய் நடைபாதைக் கல்லுல மோதுச்சு. ரெண்டு காதும் சுத்தமா போயிருச்சு."

"பட்டறைச் சத்தத்துல முன்னாடியே போயிருக்கலாமே?"

"காதாலதாங்க இவர் சம்பாதிச்சதே. வண்டி தெருமுனை திரும்பும்போதே எங்க கோளாறுன்னு சொல்லிருவாரு. இப்ப ஒருத்தரும் வண்டி விடறதில்ல. காது கேக்காதவன் என்ஜினைப் பாத்து என்ன பண்ணுவான்னு கேக்கறாங்க."

"சரி."

"ஆஸ்பத்திரி சர்ட்டிபிகேட் இருக்குங்க."

"காகிதம் எல்லார்கிட்டயும்தான் இருக்கும்மா."

"காதுக்குள்ள ஒரு கருவி வெச்சா கேக்கும்னு டாக்டர் சொல்றாரு. ஆனா சீக்கிரமா வெக்கணுமாம். தள்ளிப்போகப் போக பலன் கம்மியாம். உங்க ரிப்போர்ட்டை நம்பித்தாங்க இருக்கோம்."

"சாருக்குக் குடிக்க ஏதாவது குடு" என்றார் மெக்கானிக், கூரை பறக்கிற மாதிரி.

'கத்தலுக்குக்கூட ஒத்திகை பார்த்திருக்கான்' என்று நினைத்தார் ஆபீசர்.

அவரிடம் ஒரு சாவிக்கொத்து உண்டு. வீடு, பீரோ, பைக் என்று பதினோரு சாவி. பாதிச் சாவிக்குப் பூட்டே கிடையாது. கனத்துக்காகக் கோத்து வைத்திருந்தார். எத்தனையோ ஃபைலை மூடிய சாவிக்கொத்து அது. முதுகெலும்பு நொறுங்கிப்போனவர்கள் குனிந்து அதை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். கை தூக்கவே முடியாதவர்கள், தூக்கிப் போட்டதும் லபக்கென்று பிடித்திருக்கிறார்கள்.

எழுந்தார். சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்க்கிற பாவனையில் மெக்கானிக்கின் முதுகுப் பக்கம் போய் நின்றார். கையைத் தளர்த்தினார்.

சிமெண்டுத் தரையில் சாவிக்கொத்து ஜலீரென்று விழுந்தது.

மெக்கானிக் சட்டென்று திரும்பினார். நேராகச் சாவியைப் பார்த்தார். எடுத்து, தன் சட்டையிலேயே துடைத்து, "சார், சாவி" என்று நீட்டினார்.

மனைவியின் முகம் வெளுத்துப்போனது.

"என்னம்மா, காது வந்துருச்சா?"

"சத்தியமா அவருக்குக் கேக்காதுங்க."

"அப்புறம் எப்படித் திரும்பினாரு?"

"தெரியலீங்க. எனக்கே தெரியலீங்க."

"எனக்குத் தெரியும்மா. இந்த வேலைக்கு நான் புதுசு இல்ல."

சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, நின்ற இடத்திலேயே போனை எடுத்தார். 'சத்தத்துக்குத் திரும்புகிறார். காது கேட்கிறது. நஷ்டஈடு தேவையில்லை.' மூன்றே வரி. மேனேஜருக்கு அனுப்பிவிட்டு வெளியே நடந்தார்.

பைக் பக்கத்தில் வந்து பாக்கெட்டைத் தடவியபோதுதான் சாவி அறைக்குள் மேஜைமேலேயே கிடப்பது ஞாபகம் வந்தது.

திரும்பி வந்தார். அவள் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றுகொண்டிருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது. மெக்கானிக் வாசலுக்கு முதுகைக் காட்டியபடி, அவளையே பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"ஏம்ப்பா" என்றார் ஆபீசர்.

அசையவில்லை.

"யோவ், உன்னைத்தான்."

இல்லை.

'இனிமே எதுக்கு இந்த நாடகம்' என்று முணுமுணுத்தபடி, மெக்கானிக்குக்குப் பின்னால் இருந்த மேஜையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். வேர்வைக் கை. இந்தத் தடவை நிஜமாகவே நழுவியது. அதே தரை, அதே ஜலீர்.

மெக்கானிக்கின் கழுத்துகூடத் திரும்பவில்லை.

சுவரோரம் நின்றவள்தான் திடுக்கிட்டுத் திரும்பினாள். அவள் கண் தரையில் கிடந்த சாவிக்குப் போனது.

அவள் கண் போன அந்த நொடியில், மெக்கானிக் சட்டென்று திரும்பினார். நேராகச் சாவியைப் பார்த்தார். எடுத்து, சட்டையில் துடைத்து, "சார், சாவி" என்று நீட்டினார்.

ஆபீசருக்கு வாங்கக் கை வரவில்லை.

அவருடைய சட்டைப்பையில் போன் சிணுங்கியது. அவள் பையைப் பார்த்தாள். மெக்கானிக்கும் பையைப் பார்த்தார்.

ஆபீசர் போனை எடுத்துப் பார்த்தார். மேனேஜர் அனுப்பியிருந்தார்: 'சபாஷ். ஃபைலை மூடியாச்சு.'

அவள் ஆபீசரைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், சாவியைப் பார்த்தாள். அவளுக்கும் அப்போதுதான் விளங்கியது. இத்தனை மாசமாகத் தன் முகத்தை வைத்துத்தான் அந்த மனுஷர் உலகத்தையே கேட்டுக்கொண்டிருந்தார் என்று.

விருட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பி, இரண்டு உள்ளங்கையாலும் கண்ணை இறுக்கிப் பொத்திக்கொண்டாள்.

"நான் பாக்கலீங்க ஐயா. இப்ப ஒரு தடவை போட்டுப் பாருங்க."