இரண்டாவது சடை

தலையில் சீப்பு இறங்கியதும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

நேர்வகிடு. நெற்றியிலிருந்து பிடரி வரை ஒரே இழுப்பு. இப்படி அவளுக்கு யாரும் வகிடு எடுத்து எத்தனையோ வருடம் இருக்கும்.

ஆபரேஷன் தியேட்டருக்குள் போகிற பெண்களுக்கு இந்த ஆஸ்பத்திரியில் இரட்டைச் சடைதான். கொண்டை கூடாது. ஒற்றைச் சடை மல்லாந்து படுத்தால் உறுத்தும். தொப்பியும் தலையில் நிற்காது. காரணத்தைச் சொல்லிவிட்டு, காயத்துக்குக் கட்டும் துணியில் ரிப்பன் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டிக் கொடுத்துப் போயிருந்தாள் நர்ஸ்.

பின்னிவிடுவது மதினி. கணவனின் அக்கா.

மதினிக்கு இதில் சம்மதமில்லை. பஸ்ஸில் வரும்போதே சொல்லிவிட்டாள். உண்டானதைக் கலைப்பது கொலைதான், அதில் சின்னது பெரியது கிடையாது என்று. சொல்லிவிட்டு, வாந்தி வந்தால் வசதியாக இருக்கட்டும் என்று ஜன்னலோர இடத்தை அவளுக்கு விட்டாள்.

இரண்டு பிள்ளைகள். இளையவன் இந்த ஜூனில்தான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினான். அவளுக்கு இப்போதுதான் பகல் என்று ஒன்று கிடைத்திருந்தது.

மூன்றாவது வேண்டாம்.

கணவன் கொச்சியில் படகு வேலைக்குப் போயிருக்கிறான். அவனுக்குத் தெரியாது. தெரிந்தால், ஆண்டவர் கொடுத்தது என்பான். அதற்கு மேல் பேச்சு இருக்காது.

மதினியின் விரல்கள் முடியை மூன்று காலாகப் பிரித்தன.

அவள் படித்த பள்ளிக்கூடத்தில், பிரேயர் மணிக்கு முன்னால், பெண்கள் படிக்கட்டில் ஒருத்திக்குக் கீழே ஒருத்தியாக உட்காருவார்கள். ரயில் மாதிரி. ஒவ்வொருத்தியும் தனக்கு முன்னால் இருப்பவளுக்குப் பின்னிவிடுவாள். கறுப்பு ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசுவார்கள். பாதிச் சொல் புரியாது. தேங்காய் எண்ணெயும் பவுடரும் கலந்து ஒரு வாசனை.

உயிரியல் புத்தகத்தில் அந்த ஒரு பாடத்தை மட்டும் டீச்சர் வீட்டில் படித்துக்கொள்ளச் சொல்லித் தாண்டிப் போய்விட்டார். வீட்டில் கேட்டால் அறை விழும். ஆகவே எல்லாவற்றையும் அந்தப் படிக்கட்டு ரயிலில்தான் தெரிந்துகொண்டார்கள்.

பாதி தப்பாக.

கையை மடக்கினால் சுண்டுவிரலுக்குக் கீழே எத்தனை கோடு விழுகிறதோ, அத்தனை பிள்ளை. சகாயமேரிக்கு ஏழு. ரயிலே குலுங்கியது.

அவள் தன் கையை யாருக்கும் காட்டவில்லை. எனக்கு ஒன்று போதும் என்றாள்.

"ஆமா, ஒன்னக் கேட்டுட்டுத்தான் குடுக்கப் போறாவளாக்கும்," என்றது மேல்படியிலிருந்து ஒரு குரல்.

அதற்கும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

இப்போது நினைத்தாலும் அந்தக் காலை இனிக்கத்தான் செய்கிறது. படிக்கட்டில் பாதி வரை இறங்கிய வெயில். தலையில் யாருடைய விரல்களோ. கவலை என்றால் ரிப்பன் தொலைந்துபோவதுதான்.

முதல் சடை முடிந்தது. மதினி துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

நர்ஸ் திரும்பி வந்தாள்.

"ஏம்மா, பள்ளிக்கூடத்துக்கா கெளம்புத?" சிரித்தாள். சிரிப்பு ஓய்வதற்குள் அடுத்த கேள்வி. "வீட்டுக்காரர் எங்க?"

காலையிலேயே டாக்டரம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார். வயது வந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் ஒன்றே போதும், சட்டம் அதுதான் என்று. ஆனால் டாக்டர் இந்த ஊருக்குப் புதிது. நர்ஸ் பழையவள்.

"சட்டம் சரிதாம்மா. நாளைக்கு அவரு வந்து வார்டு வாசல்ல நின்னு சத்தம் போட்டா, சட்டமா வந்து பதில் சொல்லும்? நான்லா சொல்லணும்." மதினியின் பக்கம் திரும்பினாள். "நீங்க மாப்பிள்ள வீட்டு ஆளுதான? ஒங்க தம்பிக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாதுன்னா இன்னைக்கு நடக்காது."

"தெரியும்," என்றாள் மதினி.

சனிக்கிழமை தவறாமல் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிறவள். குரலில் ஒரு பிசிறு இல்லை.

நர்ஸின் முகம் இளகியது. அவ்வளவுதான். இனி, பின்னலுக்கு உட்கார்ந்திருந்த அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

"தெரியாது சிஸ்டர்."

அது தன்னுடைய குரல்தான் என்று அவளுக்கே சற்றுக் கழித்துத்தான் உறைத்தது.

"அவருக்குத் தெரியாது. வந்ததும் நானே சொல்லிக்கிடுவேன். வேண்டாம்னு சொல்லுதது நான்தான். வேற யாரும் இல்ல."

மதினியின் கை தலையிலிருந்து விலகியது.



நர்ஸ் அவளையே பார்த்தாள். ஒரு பக்கம் பின்னல். மறுபக்கம் விரிந்து கிடக்கும் முடி.

வெளியே தள்ளுவண்டிச் சக்கரம் ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டே போய் மறைந்தது.

பிறகு நர்ஸ் மேஜைக்குப் போனாள். கத்தரியை எடுத்தாள். அந்தத் துணியிலேயே இன்னொரு துண்டு வெட்டினாள்.

நீட்டினாள்.

மதினி வாங்கவில்லை.

அவளே வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். மறுபக்கத்து முடியைத் தோளுக்கு முன்னால் இழுத்தாள். இரட்டைச் சடையைத் தானே போட்டு அவளுக்குப் பழக்கமில்லை. விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. ஒரு கால் தடித்தும் ஒரு கால் மெலிந்தும் போயிற்று. காதுக்கு மேலே ஒரு கொத்து வெளியே நின்றது.

பின்னால் மதினி எழுந்திருக்கிற அரவம். கைப்பையின் ஜிப் இழுபடும் சத்தம். செருப்பு தரையில் உரசியது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னிக்கொண்டே இருந்தாள்.

செருப்புச் சத்தம் இரண்டு எட்டு போய் நின்றது.

"கோணலா போட்டிருக்க," என்றாள் மதினி. "அவுத்துட்டுத் திரும்பி உக்காருட்டி."