வெளியே போகாத குறிப்புகள்

வியாழக்கிழமை மாலை ஆறரை மணிக்கு, நான்காம் மாடி வீட்டின் கூடத்தில், செருப்பைக்கூடக் கழற்றாமல் புரோகிராமரின் மனைவி கேட்டாள்: “பகல்ல யார்கிட்டங்க அப்படிப் பேசறீங்க?”

உதடுகள் அசைய லேப்டாப்பில் எதையோ அடித்துப் பார்த்துக்கொண்டிருந்த புரோகிராமர் தலையைத் தூக்கவில்லை. “நானா? நான் யார்கிட்ட பேசறேன்?”

“பக்கத்து வீட்டு சிஸ்டரைக் காலையில லிஃப்ட்ல பாத்தேன். உங்க வீட்ல பகல் பூராப் பேச்சுச் சத்தம், கண்ணை மூட முடியலைங்கறாங்க.”

பக்கத்து வீட்டில் இருப்பவர் ஆஸ்பத்திரி நர்ஸ். ராத்திரி டூட்டி பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மனைவியோ காலையில் கிளம்பினால் விளக்கு வைக்கும் நேரத்தில்தான் திரும்புவாள். நடுவில் வீட்டில் இருப்பது புரோகிராமரும் அவருடைய லேப்டாப்பும் மட்டும்தான்.

“அவங்க கனவு கண்டிருப்பாங்க. என்னைக் கொஞ்சம் விடு. பாஸ்வேர்டு மறந்துபோச்சு.”

“நான் கேட்டதும் மறந்துபோச்சாக்கும். திறங்க, உள்ள என்ன இருக்குன்னு நான் பாக்கணும்.”

“திறக்க முடிஞ்சா நான் ஏன் மத்தியானத்துலேர்ந்து இப்படி முட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்?”

ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு ஒரு வருடமாக அவர் உருவாக்கியது, தன்னைப் போன்ற புரோகிராமர்களுக்கான ஒரு குறிப்புச் செயலி. செய்ய வேண்டிய வேலை, கண்ணில் பட்ட பிழை, திடீரென்று தோன்றிய யோசனை எல்லாவற்றையும் அதில் எழுதி வைக்கலாம். எழுதியது அந்தக் கணினியிலேயே கிடக்கும்; இணையத்தின் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?’ என்று பரிவாக விசாரிக்கும் பொத்தானும் அதில் கிடையாது. அது இல்லாததுதான் அதன் பெருமை.

மறுநாள் காலை ஒரு நிறுவனத்தார், தங்களுடைய ஐம்பது புரோகிராமர்களுக்கு அதை வாங்கலாமா என்று பார்க்க வருகிறார்கள். காட்ட வேண்டிய அத்தனையும் உள்ளே பூட்டிக் கிடந்தது. இதுவும் கைநழுவினால் பழைய ஆபீஸ் வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

“பத்திரமா இருக்கட்டும்னு இன்னிக்குக் காலையிலதான் மாத்தினேன். ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத மூணு வார்த்தை, கடைசியில ஒரு நம்பர். அதுல எருமை வரும்னு மட்டும் ஞாபகம் இருக்கு.”

“அது எப்படி மறக்கும்? தினம் ஷேவ் பண்ணும்போது பாக்கறீங்களே.”

“சிரி, சிரி. இந்தச் செயலி வந்ததுக்கப்புறம்தான் இந்த வீடே உருப்பட்டிருக்கு. சமையலறைக் குழாய் எத்தனை மாசமா ஒழுகிச்சு? இதுல எழுதி ஒரு வாரம் ஆகலை, பிளம்பர் வாசல்ல வந்து நிக்கறார். எப்பக் கூப்பிட்டேன்னு எனக்கே ஞாபகமில்லை! எழுதி வெச்சாப் போதும், மனசு தன்னால முடிச்சிடுது. நாளைக்கு வர்றவங்ககிட்ட இதைத்தான் முதல்ல சொல்லப் போறேன்.”

“என் பிறந்தநாளைக்கு வந்த கேக்கு?”

“அதுவும் எழுதி வெச்சதுதான்.”

மனைவியின் முகம் ஒரு கணம் இளகியது. உடனே சுதாரித்துக்கொண்டு குரலை உயர்த்தினாள். “பேச்சை மாத்தாதீங்க. யார் அவ?”

அழைப்பு மணி அடித்தது.

வாசலில் பக்கத்து வீட்டு நர்ஸ். டூட்டிக்குக் கிளம்பிய வெள்ளை உடுப்பு, தோளில் பை, தூக்கமில்லாமல் செக்கச் செவேலென்று கண்கள். உள்ளே வரச் சொன்னதற்கு வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு, நின்ற இடத்திலிருந்தே சொன்னார்:

“குடை, எருமை, வெந்நீர், தொண்ணூத்தி மூணு.”

புரோகிராமர் அடித்தார். செயலி திறந்துகொண்டது.

“சிஸ்டர்... இது உங்களுக்கு எப்படி?”

“நான் டூட்டி முடிஞ்சு வந்து படுத்த நேரமாப் பாத்து உக்காந்து மனப்பாடம் பண்ணீங்களே தம்பி. நடுவுல இருக்கறது ஒத்தைச் சுவர். உங்களுக்கு ஏறலை, எனக்கு ஏறிடுச்சு.” நர்ஸ் மனைவியின் பக்கம் திரும்பினார். “இங்க எவளும் வரலைம்மா. வாய்விட்டுச் சொல்லாம இவருக்கு ஒரு வரி எழுத வராது. எழுதினதை மணிக்கொரு தரம் உரக்கப் படிச்சு வேற பாக்கறார்.”

மனைவி குனிந்து திரையைப் பார்த்தாள். குழாய் முடிந்தது. கேக் முடிந்தது. பால்கனிக் கதவுக்குத் தாழ்ப்பாள், அதுவும் முடிந்தது.

“முடியாத வேலையைத்தான் திரும்பத் திரும்பப் படிப்பார்” என்றார் நர்ஸ். “குழாய், குழாய், குழாய். எத்தனை நாள்தான் தாங்குவேன்? பிளம்பருக்கு நானே போன் போட்டுட்டேன். அதுக்கப்புறம் ரெண்டு நாள் நல்லாத் தூங்கினேன். மூணாம் நாள் கேக்கை ஆரம்பிச்சார்.”

“கேக்கும் நீங்கதானா?” என்றாள் மனைவி.

“உனக்குச் சாக்லேட்தான் பிடிக்கும்னு அவர்தாம்மா படிச்சார். நான் கடையில சொல்லி அனுப்பினதோட சரி.”

புரோகிராமர் லேப்டாப்பை மெதுவாக மூடினார். லிஃப்ட் வந்து நின்றது. நர்ஸ் அதற்குள் ஏறிக்கொண்டு, கதவு மூடுவதற்கு முன் தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

“நாளைக்கு வர்றவங்ககிட்ட பாத்துப் பேசுங்க தம்பி. ஐம்பது பேர் வீட்டுக்குப் பக்கத்துலயும் என்னால குடியிருக்க முடியாது.”